விசில் வாத்தியார்

"இன்னும் பதினஞ்சே நாள்ல என் பொண்ணைச் சறுக்கு மரத்துல சறுக்க வைக்கிறேன். இல்லேன்னா என் பேரை மாத்திக்கிறேன்!" என்று காபி டம்ளரை டொக்கென்று மேசையில் வைத்துச் சபதம் செய்தார் அந்தக் கணவர்.

பெயரை மாற்றும் சிரமம் அவருக்கு இல்லை. ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி அவர். எதிரில் யார் வந்தாலும் வணக்கத்துக்கு முன்னால் "பாத்து, பாத்து" என்பார். அங்கே இருக்கும் நானூறு பேரும் எப்போதோ அவருக்குப் 'பாத்து சார்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். வீட்டில் மேசை மூலைக்கெல்லாம் பஞ்சுக் கட்டு. கட்டில் காலுக்கு மஞ்சள் கறுப்பு நாடா. ஐந்து வயது மகளின் முழங்காலில் இதுவரை ஒரு சிராய்ப்பு கிடையாது என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமை முந்தின நாள் மாலை பூங்காவில் குப்புற விழுந்தது. ஏணியேறிச் சறுக்கு மரத்தின் உச்சிக்குப் போன மகள், கீழே பார்த்து ஓவென்று அழுதாள். பின்னால் நின்ற ஆறு வாண்டுகளும் ஒவ்வொன்றாகப் பின்பக்கமாகவே இறங்கி அவளுக்கு வழிவிட வேண்டியதாயிற்று. ஒரு வாண்டு போகிற போக்கில் "பயந்தாங்கொள்ளி" என்றது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பெரியவளானாலும் நான் பயந்தாங்கொள்ளியாவே இருப்பேனா?" என்று கேட்டாள். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சரி, என்ன திட்டம்?" என்றாள் மனைவி.

"நாலு பக்கம் எழுதியிருக்கேன். முதல் மூணு நாள் சறுக்கு மரம்னா என்னன்னு விளக்கம். நாலாவது நாள் தொட்டுப் பாக்கிறது."

"ஏறுறது?"

"பதினோராம் நாள். ஹெல்மெட்டோட."

"சறுக்குறது?"

"அதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை இருக்கு."

மனைவி சிரிக்கவில்லை. அதுதான் அவள் சாமர்த்தியம். "பிரமாதங்க. ஒரே ஒரு குறை. கோச்னா விசில் வேணாமா?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாலையே சிவப்பு விசில் ஒன்று வந்து சேர்ந்தது. அவர் அதைக் கழுத்தில் மாட்டப் போனார்.

"கழுத்துல தொங்கவிடுறவன்லாம் சும்மா வேடிக்கை கோச். நல்ல கோச் பூங்கா வாசல்ல விசிலை வாயில வச்சா, திரும்பி வாசலுக்கு வந்துதான் எடுப்பார்."

"யார் சொன்னா?"

"எங்க டாக்டர்."

"பல் டாக்டருக்கு விளையாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"வாயைப் பத்தித் தெரியுமில்ல? இன்னொண்ணு. அவ சறுக்கி மண்ணுல கால் வச்சப்புறம்தான் ஊதணும். முன்னாடியே ஊதினா கோச் பூங்காவை ஒரு ரவுண்டு ஓடணும்."

"நானா?"

"பொறுப்பு உங்களோடதுதானே?"

பொறுப்பு என்று சொல்லிவிட்டால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். பல் டாக்டரிடம் எட்டு வருடம் உதவியாளராக இருப்பவளுக்கு ஒன்று அத்துப்படி: வாயில் எதையாவது வைத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட வாயாடியும் அடங்கிவிடுவான். இது நமக்குப் புரிகிறது. அவருக்குப் புரியவில்லை.

முதல் நாள், வாயில் விசிலோடு அவரால் விளக்கம் சொல்ல முடியாமல் போக, மகள் நேராகப் போய் ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள். 'பாத்து' என்று சொல்ல வாயெடுத்தார். 'பீ...!' என்றுதான் வந்தது.

"அப்பா, ஓடு!" என்று குதித்தாள் மகள்.

ஓடினார். திரும்பி வந்து மூச்சு வாங்கினார். வாங்கிய மூச்சு விசில் வழியாகவே வெளியே போனது. "இன்னும் மூணு ரவுண்டு!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவை ஓட வைப்பதற்கென்றே ஏணியில் ஏறி ஏறி இறங்கினாள். அன்று மொத்தம் ஒன்பது சுற்று. திட்டம் எழுதிய நாலு பக்கமும் சட்டைப் பையில் வேர்வையில் ஊறிப்போயின.

ஐந்தாம் நாள் அவள் கடைசிப் படியிலிருந்து குதித்து, முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். முதல் ரத்தம். அவர் கை விசிலுக்குப் போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். கை கீழே இறங்கியது. மகள் அழலாமா வேண்டாமா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து சத்தமே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஏறப் போனாள். அவருக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் அவள் உச்சியில் போய் உட்கார்ந்தாள். கீழே பார்த்தாள். உதடு துடித்தது. அப்பாவைப் பார்த்தாள். ஐந்து வருடத்துப் 'பாத்து'களும் ஒன்றாகத் திரண்டு அவர் பல்வரை வந்து முட்டின. விசிலைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் கையை விட்டாள். சர்ரென்று வந்து மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்பா, ஊது! ஊதுப்பா!"

அழுகையில் அவருக்கு ஊத வரவில்லை. மூன்றாவது முயற்சியில் ஊதினார் பாருங்கள், பூங்காவே திரும்பிப் பார்த்தது.

வாசலுக்கு வந்து விசிலை எடுத்ததும் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. "பதினஞ்சு நாள்னேன், ஒன்பதே நாள்! கண்ணு, அப்பா கொடுத்த பயிற்சியில எது உனக்குத் தைரியம் கொடுத்துச்சு? அம்மாகிட்ட சொல்லு."

"நீ பேசவே இல்லைல்ல, அதான்" என்றாள் மகள். "நீ 'பாத்து'ன்னு சொன்னா கீழ ஏதோ இருக்குன்னு நினைப்பேன். இன்னிக்குப் பாத்தேன். வெறும் மண்ணுதான்ப்பா."

சொல்லிவிட்டு, அவர் விரலைப் பிடிக்காமல் முன்னால் ஓடினாள். அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவள் ரொம்பக் கவனமாகச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விஷயம் இப்போதுதான் அவருக்கு விளங்கியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. முன்னால் ஓடுகிற அந்தச் சின்னக் கால்களைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"சரி, அடுத்து என்ன?" என்றார்.

"நீச்சல். கோச்சும் கூடவே இறங்கணும்."

"இறங்குறேன். விசில் எடுத்துக்கட்டுமா?"

"வேணாங்க. நீச்சல் கோச் தலையைத் தண்ணிக்குள்ளயே வச்சிருக்கணுமாம்."