மாதப்பனின் வலது கை

வருடத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். பிசியோதெரபி படித்தால் என்ன கிடைக்கும் என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நானும் போய், "படுத்த படுக்கையாக் கிடந்தவர் எழுந்து நடந்து வந்து நமக்கு வணக்கம் சொல்வார் பாருங்க, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது" என்று முழங்கிவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு, அவர்கள் கொடுக்கும் பாதாம் பாலையும் குடித்துவிட்டு வந்துவிடுவேன். சொல்வது பொய்யில்லை. ஆனால் இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த முதல் பரிசு வேறு. பட்டப்பகலில், ஒரு மனிதனின் கையைப் புதைத்த குழிக்குள் நான் குப்புற விழுந்தேன். இதை மேடையில் சொன்னால் பிள்ளைகள் மொத்தமாக இன்ஜினியரிங் பக்கம் ஓடிவிடுவார்கள்.

2005 வாக்கில் நடந்தது. அப்பா கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். மகளை டாக்டருக்குப் படிக்கவைக்க ஆசைப்பட்டார். மார்க் வரவில்லை, பிசியோதெரபி கிடைத்தது. ("அதுவும் டாக்டர் மாதிரிதாம்ப்பா" என்று நான் நாலரை வருடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே நம்பிவிட்டேன்.) படிப்பு முடிந்ததும் ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை. சுவரில் எலும்புக்கூடு படம், மேசையில் என் பெயர்ப்பலகை, மனசுக்குள் உலகத்தையே நிமிர்த்தி உட்காரவைத்துவிடும் திமிர்.

அங்கேதான் மாதப்பன் அண்ணன் வந்தார். ஃபேக்டரியில் பிரஸ் ஆபரேட்டர், முப்பத்தைந்து வயசிருக்கும். நாலு மாசத்துக்கு முன்னால் வலது கை மெஷினில் மாட்டி, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுத்துவிட்டார்கள். புண் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் இல்லாத அந்தக் கை வலித்தது.

"மூடிக்கினு கீது மேடம்" என்றார். "கையி இறுக்கி மூடிக்கினே கீது. நகம் உள்ள குத்துது. தொறக்க மாட்டேங்குது. எறும்பு வேற கடிக்குது."

கை இருக்க வேண்டிய இடத்தை, வெறும் காற்றை, குனிந்து பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். நானும் குனிந்து பார்த்தேன்.

கூட வந்திருந்த அவர் மனைவி சின்னப்பாப்பாதான் மீதியைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கையைத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நாகரசம்பட்டிப் பக்கம் இவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மாந்தோப்பு. அங்கே கொண்டுபோய் மஞ்சளும் உப்பும் போட்டு, திருநீறு பூசி, முறையாகப் புதைத்துவிட்டார்கள்.

"மூடின கையாவே பொதைச்சிட்டோங்க. அதான் மூடிக்கினே கீதுன்னு ஊர்ல சொல்றாங்க. தோண்டி எடுத்து, வெரலை நிமித்தி வச்சு, திரும்பப் பொதைச்சா சரியாயிடுமாம்."

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.) "அக்கா, கை போனது மூளைக்கு இன்னும் தெரியல. அது பாட்டுக்கு 'மூடு, மூடு'ன்னு ஆர்டர் போட்டுக்கிட்டிருக்கு. இதுக்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. தோண்டுற வேலையெல்லாம் வேண்டாம், சொல்லிட்டேன்!" என்று எலும்புக்கூடு படத்தைத் தட்டித் தட்டிப் பாடம் நடத்தினேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

விஷயம் விளையாட்டில்லை. தூக்கமில்லாமல் மனுஷன் பாதி ஆளாகியிருந்தார். வலி தாங்காமல், முழங்கைக்கு மேலே இன்னொரு தடவை வெட்டிவிடச் சொல்லி அவரே டாக்டரைக் கெஞ்சி, வருகிற திங்கட்கிழமைக்குத் தேதி வாங்கியிருந்தார். முழங்கை இருந்தால் ஃபேக்டரி ஸ்டோரில் ட்ரே தூக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முழங்கையும் போனால் அந்த வேலையும் போய்விடும். டாக்டருக்கும் வெட்ட மனசில்லை. "அதுக்குள்ள உங்களால ஏதாவது செய்ய முடியுமான்னு பாருங்கம்மா" என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

எனக்கு ஒரே ஒரு வழி தெரியும், அதுவும் வகுப்பில் கேட்டது. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்த வேண்டும். நல்ல கை கண்ணாடிக்கு முன்னால், வெட்டுப்பட்ட கை அதற்குப் பின்னால் மறைவாக. கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் பிம்பம், போன கை திரும்பி வந்த மாதிரியே இருக்கும். நல்ல கையை மூடித் திறந்தால் போன கையும் திறப்பதாகக் கண் மூளைக்குச் சொல்லும். முக்கியமான விதி, கண்ணாடியை மட்டுமே பார்க்க வேண்டும். நிஜக் கையைப் பார்த்தால் மாயம் கலைந்துவிடும்.

மறுநாள் அவர்கள் தோப்பு வீட்டுக்கே வருவதாகச் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை காலையில், எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி, அம்மாவின் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ். அப்புறம் தோப்பு வழியாக ஒன்றரை கிலோமீட்டர் நடை.

போய்ச் சேரும்போது சரியான உச்சி வேளை. அந்த நேரத்தில் மரத்தடிப் பக்கம் போகக்கூடாது, முனி நடமாடும் என்று எங்கள் அம்மா சொல்வார். நான் நம்புவதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தோப்பில் ஒரு இலை ஆடவில்லை. ஒரு காக்கா கத்தவில்லை. மரத்தைச் சுற்றி நிழல் கறுப்பாக, வட்டமாக அப்பிக் கிடந்தது. பழுத்து விழுந்து புளித்த மாம்பழ வாசனை மூக்கை அடைத்தது. என் செருப்புச் சத்தம் எனக்கே யாரோ பின்னால் வருகிற மாதிரி கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். (யாரும் இல்லை. அதற்காகத் தைரியம் வந்துவிடுமா என்ன?)

ஓட்டு வீடு, உள்ளே அரை இருட்டு. மாதப்பன் அண்ணன் சட்டையில்லாமல் பாயில் உட்கார்ந்திருந்தார். சின்னப்பாப்பா என் முகத்தையே பார்க்காமல், "மோர் கொண்டாரேன் மேடம்" என்று வெளியே போனார். அப்போதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும்.

அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு, நடுவில் கண்ணாடியை நிறுத்தி, மொட்டைக் கையை அதன் பின்னால் மறைத்தேன். இடது தோள் பக்கம் நான் மண்டி போட்டேன். "அண்ணா, கண்ணாடியை மட்டும் பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க" என்றேன். சொன்ன ஜோரில் நானும் கண்ணாடியை மட்டுமே பார்க்க ஆரம்பித்தேன். நோயாளிக்குப் போட்ட விதியை வைத்தியம் பார்க்கிறவள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதவில்லை.

கண்ணாடியில் வலது கை இருந்தது.

இருந்தது என்றால், அப்படியே இருந்தது. இறுக்கி மூடிய முஷ்டி. புடைத்த நரம்பு. மணிக்கட்டில் ரத்தச் சொட்டு மாதிரி சிவப்பாக ஒரு புள்ளி. (அம்மா கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு. அந்த நேரத்தில் அது யாருக்கு ஞாபகம் வரும்?) அவர் மூச்சு நின்ற மாதிரி ஆனது. என் மூச்சும்தான்.

"மெதுவா... தொறங்க" என்றேன்.

கண்ணாடிக்குள் கட்டை விரல் அசைந்தது. அப்புறம் சுண்டு விரல். ஒவ்வொன்றாக, உள்ளேயிருந்து யாரோ பிரித்துவிடுகிற மாதிரி கை விரிந்தது. அப்போதுதான் பார்த்தேன். ஐந்து நகத்திலும் செம்மண். உள்ளங்கை ரேகை முழுக்க ஈரச் செம்மண்.

"அண்ணா... கையில... மண்ணு எப்படி வந்துச்சு?"

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரிச் சொன்னார். "காலைல தோண்டிப் பாத்தோம் மேடம். குழியில கை இல்ல." முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "இங்க வந்துட்டு கீது."

கொஞ்சம் தலையைத் திருப்பி அவருடைய இடது கையைப் பார்த்திருந்தால் போதும். அதிலும் அதே மண் அப்பியிருந்தது, காலையில் தோண்டியதே அந்தக் கைதானே! ஆனால் நான்தான் விதி தவறாதவள் ஆயிற்றே. கண்ணாடிக்குள் அந்தக் கை என்னைப் பார்த்து இரண்டு விரலை ஆட்டியது. அவ்வளவுதான். நாலரை வருடப் படிப்பு, எலும்புக்கூடு படம், மூளை, நரம்பு எல்லாம் ஆவியாகிப் போக, "அய்யோ அம்மா!" என்று அலறிக்கொண்டு எழுந்து ஓடினேன்.

வாசலில் மோர்ச் செம்போடு சின்னப்பாப்பா நின்றார். அந்த வெளிச்சத்தில் அவரும் எனக்கு மனுஷியாகத் தெரியவில்லை. பின்கதவுப் பக்கம் பாய்ந்தேன். இரண்டு மரம் தாண்டியிருப்பேன், காலுக்குக் கீழே தரையைக் காணோம்.

இடுப்பளவுக் குழி. குப்புற விழுந்த வேகத்தில் வாயெல்லாம் மண். மண்ணோடு மஞ்சள் வாசனை. எங்கே விழுந்திருக்கிறேன் என்று அந்த வாசனைதான் சொன்னது. எழப் பார்த்தேன். என் கணுக்காலை ஒன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன், அதுவும் இழுத்தது.

"விடு! விட்டுடு! நான் ஒண்ணும் பண்ணல! டாக்டர்தான் அனுப்பினார்!" என்று நான் கதறியது பக்கத்துத் தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. (டாக்டரைக் காட்டிக்கொடுத்ததை மட்டும் இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.) பிடித்திருந்தது மாமரத்து வேர். கால் அதில் வசமாகச் செருகிக்கொண்டிருந்தது.

மாதப்பன் அண்ணன் ஓடி வந்து குழி ஓரம் குப்புறப் படுத்தார். "மேடம், புடிங்க!" என்று இரண்டு கையையும் நீட்டினார். இடது கையைப் பிடித்தேன். அவர் இழுக்க, வேரிலிருந்து கால் பிடுங்கிக்கொண்டு வர, நான் மண் மூட்டையாக மேலே வந்து விழுந்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. நீட்டிய மொட்டைக் கையை நீட்டியபடியே படுத்திருந்தார்.

"சின்னப்பாப்பா" என்றார் மெல்ல. "தொறந்துக்கிச்சுடி."

"இன்னாது?"

"கையி. மேடத்தப் புடிக்க நீட்டனேன் பாரு, அப்ப தொறந்துக்கிச்சு. நகம் குத்தல. அஞ்சு வெரலும் விரிஞ்சு கீது." சொல்லிவிட்டு மண்ணில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதார். சின்னப்பாப்பா மோர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். எனக்குக் கால் வலி.

மாங்காய் ஏற்றிய டிராக்டரில், மூட்டைகளுக்கு மேலே என்னையும் ஏற்றி ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். ஏறும்போது சின்னப்பாப்பாவிடம், "அக்கா, அப்போ அந்தக் கை எங்கதான் போச்சு?" என்று கேட்டேன். "நாயோ நரியோ இழுத்துக்கினு போயிருக்கும், விடுங்க" என்றார், காணாமல் போன செருப்பைப் பற்றிச் சொல்வது மாதிரி.

அப்பா என் வீங்கிய காலையும், மண் அப்பிய தலையையும் பார்த்துவிட்டு, "ஏட்டி, கைக்கு வைத்தியம் பாக்கப் போயி, காலை ஒடிச்சிட்டு வந்து நிக்கிறியே" என்றார். கண்ணாடி எங்கே என்று அம்மா கேட்டார். அது மாதப்பன் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டது. தினமும் இரண்டு வேளை அதன் முன்னால் உட்காரச் சொல்லியிருந்தேன். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. கை திரும்ப மூடிக்கொள்ளும், அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து திறப்பார். ஆனால் திங்கட்கிழமை அவரே டாக்டரிடம் போய், "வெட்ட வேணாங்க" என்று சொல்லிவிட்டார். மூன்று மாசத்தில் ஸ்டோரில் ட்ரே தூக்கினார். நான் மூன்று வாரம் நொண்டினேன். என் ஜூனியர் பெண் எனக்கு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த திமிரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஓசூரில் என் கல்யாணம். ரிசப்ஷனுக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மாதப்பன் அண்ணன் புது முழுக்கைச் சட்டையில், கன்னமெல்லாம் சதை போட்டு, ஆளே மாறியிருந்தார். மேடையேறி, "நல்லா இருங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார். நானும் சிரித்துக்கொண்டே பிடித்துக் குலுக்கினேன்.

அவர் இறங்கிப் போனதும் என் கணவர் காதோரம் குனிந்து கேட்டார். "இப்ப நீ எதைப் பிடிச்சுக் குலுக்கின?"

கல்யாண சி.டி.யில் அது முழுசாகப் பதிவாகியிருக்கிறது. அவர் காலிச் சட்டைக் கையை நீட்டுகிறார். நான் அதற்கு அரை அடி முன்னால், வெறும் காற்றைப் பிடித்து, மூன்று தடவை குலுக்குகிறேன். வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் என் கணவர் அந்த இடத்தில் நிறுத்திக் காட்டி, "பாருங்க, இதான் எங்க வீட்டு டாக்டரம்மா" என்பார். வீடே உருண்டு உருண்டு சிரிக்கும். என் மகளுக்கு அது பாட்டு மாதிரி மனப்பாடம்.

நானும் சிரிப்பேன். ஆனால் படத்தை நிறுத்திவைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். என் விரல்கள் முழுசாக மடங்கியிருக்காது, நடுவில் ஒரு கையளவு இடம் விட்டிருக்கும். அன்றைக்கு அங்கே என்ன இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். இதமான சூடு இருந்தது. நகம் எங்கேயும் குத்தவில்லை.