மாமா சிறைக்குக் கொண்டுபோன சாவி

ஒரு வேலை ஒரே ஒரு முறை தற்செயலாகக் கைகூடிவிட்டால் போதும், மனுஷன் தன்னை அதில் மேதை என்று நம்பத் தொடங்கிவிடுகிறான். எனக்கு அது பூட்டு விஷயத்தில் நடந்தது.

கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது, அறைத் தோழனின் டிரங்குப் பெட்டிச் சாவி தொலைந்துபோனது. குடைக்கம்பியை விட்டுக் குடைந்தேன், பூட்டு திறந்துகொண்டது. (அது ஏற்கெனவே பாதி செத்த பூட்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.) அன்றிலிருந்து பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த பூட்டுகளாகப் பார்த்து வாங்கிவந்து குடைவதுதான் என் பொழுதுபோக்கு. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியில்லாமல் பூட்டுத் திறப்பது எப்படி என்று தெருவுக்கே பாடம் எடுத்தேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் எடுத்தேன்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். கழக ஆட்சியில், நில உச்சவரம்புச் சட்டத்தின்படி, மிராசுதாரின் உபரி நிலத்தில் கொஞ்சம் எங்கள் தெருக்காரர்களுக்குப் பட்டாவாகியிருந்தது. காலங்காலமாக அடுத்தவர் வயலில் நட்டவர்களுக்குச் சொந்த வயலில் முதல் சாகுபடி. "அவனுங்களுக்கு நடத்தான் தெரியும், வெள்ளாமை வைக்கத் தெரியுமா? தரிசாக் கெடந்து எங்கிட்டயே திரும்பி வரும் பாரு" என்று மிராசுதார் சொல்லித் திரிந்தார். ஆள் வைத்து விதையைக் கெடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் விதைநெல்லை வீட்டில் வைக்காமல், ஊறவைத்து மூட்டை கட்டி, வாய்க்கால் ஓரத்துச் சங்கக் கொட்டகையில் வைத்துப் பெரிய திண்டுக்கல் பூட்டாகப் போட்டார் கலியமாமா. என் அம்மாவின் தம்பி, விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

மறுநாள் கூலி உயர்வு கேட்டு மறியல். மாமா முன்னால் நின்று கைதானார். வழக்கமாக ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அந்த முறை நேரே திருச்சி சிறைக்கு வண்டியேற்றிவிட்டார்கள். சாவியும் கூடவே போய்விட்டது.

முளைகட்டிய விதைக்கு மறியலும் தெரியாது, ஜாமீனும் தெரியாது. நேரத்தில் நாற்றங்காலில் தெளிக்காவிட்டால் வேரும் வேரும் பின்னிக்கொண்டு மூட்டைக்குள்ளேயே வெந்து அழுகிவிடும். வேறு விதைக்கு எவரிடமும் வழியில்லை. கடப்பாரையால் பூட்டில் ஒரு போடு போட்டிருக்கலாம். ஆனால் தெருமுனையில் போலீஸ் வண்டி நின்றது. பூட்டை உடைத்தால் இருக்கிற வழக்குகளோடு அதுவும் சேரும்.

"சத்தமே இல்லாம நான் தெறக்கிறேன்" என்றேன், லீவுக்கு வந்திருந்த நான்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாவாடா?"

"படிச்சிருக்கேம்மா." (படித்தது பொருளாதாரம்.)

தெருவே கூடிவிட்டது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வழிந்து கொட்டகைச் சுவர் வரைக்கும் ஏறியிருந்தது. அந்தச் சேற்றில் குந்தி, ஒரு கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் உள்ளேயிருந்த தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று விழுந்தது. வெயில் ஏறியது. எனக்குக் குடை பிடித்தார்கள், விசிறினார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாதிரி நான் நெற்றியைக் காட்ட, அம்மா முந்தானையால் துடைத்தாள்.

"என்ன தம்பி சொல்லுது பூட்டு?" என்றார் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா.

"பேசிக்கிட்டிருக்கேங்க்கா."

"பேச்சுவார்த்தையா? அப்ப இந்தப் போகம் விளங்குனாப்லதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஷம் வந்து கம்பியை ஒரு முறுக்கு முறுக்கினேன். டக்கென்று சத்தம் கேட்டது. திறந்துவிட்டது என்று கை தட்டினார்கள். கையில் பாதிக் கம்பிதான் இருந்தது. மீதிப் பாதி பூட்டுக்குள். இனி மாமாவே பறந்து வந்தாலும் அவர் சாவி உள்ளே நுழையாது.

சிரிப்பெல்லாம் நின்றுபோனது. கதவு இடுக்கின் வழியாக முளைநெல் வாசனை வந்துகொண்டிருந்தது. அம்மா மறுபடியும் என் நெற்றியை முந்தானையால் துடைத்துவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகையை மறைக்கக் கதவு நிலையில் தலையை வைத்து அப்படியே சாய்ந்தேன்.

மண்சுவர் நன்றாக ஊறிப்போயிருந்தது போலிருக்கிறது. கதவு, நிலை, பூட்டு மூன்றும் குடும்பத்தோடு உள்ளே சரிந்தன. அவற்றின் மேல் நான். என் மேல் பாதிச் சுவர்.

அந்தச் சத்தத்துக்குப் போலீஸ்காரர் ஓடிவந்தார். "யாருய்யா கொட்டகையை உடைச்சது?"

"உடைக்கலங்கய்யா" என்றாள் அம்மா. "எம்புள்ள சாஞ்சான்."

அவர் குனிந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டினது பூட்டினபடி இருந்தது. சேற்றுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த என் முகத்தையும் பார்த்தார். "சாஞ்சதுக்கெல்லாம் எந்த செக்ஷன்ல கேஸ் எழுதுறது?" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மூட்டைகளை அவிழ்த்தால், முளை கொஞ்சம் நீண்டிருந்தது. ஆனால் உயிரோடிருந்தது. பொழுது சாய்வதற்குள் பெண்கள் வேர் அறாமல் மெதுவாகப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க, நாற்றங்கால் முழுவதும் தெளித்து முடித்தோம். என்னை மட்டும் வரப்பில் கூட நிற்கவிடவில்லை, அதுவும் சரிந்துவிடுமாம்.

மாமா விடுதலையாகி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை, நேரே வயலுக்குப் போனார். பச்சைப் பசேலென்று நாற்று நின்றது. வரப்பில் குந்தி உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். "ஜெயில்ல கெஞ்சிக் கேட்டுப் பத்திரமாத் திருப்பி வாங்கியாந்தேன். இந்தாங்க, கொட்டகையத் தெறங்க."

அஞ்சலை அக்கா கொட்டகையைக் காட்டினார். "எந்தப் பக்கமாத் தெறக்கணும், சொல்லுங்க."

அந்தப் பூட்டு இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நல்ல கருவிகளெல்லாம் வாங்கிவிட்டேன். எத்தனையோ பூட்டுகளைத் திறந்தும்விட்டேன். இதை மட்டும் இன்னும் திறக்க முடியவில்லை. தினமும் காபி குடித்துவிட்டு ஒரு முறை முயற்சி செய்கிறேன். இன்றைக்குக் கம்பி கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது.

போன மாதம், அதே நிலத்தில் விளைந்ததை வைத்து மாமா மகள் கட்டிய மாடிவீட்டுக்குப் புதுமனை புகுவிழா. நின்று நின்று கால் வலித்ததால் வாசல் நிலையில் லேசாகக் கையை வைத்தேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கலியமாமா, காதும் சரியாகக் கேட்காதவர், கண்ணும் மங்கியவர், வீடே அதிர ஒரு சத்தம் போட்டார்.

"டேய்! சிமெண்டுதான், இருந்தாலும் சாயாதே!"