நியாயக்காவின் ஸ்பானிய வகுப்பு

எங்கள் வேலணைத் தீவில் நியாயக்காவிடம் வாய்கொடுத்து வென்றவர் என்று ஒருவரும் கிடையாது. தப்பியவர்கள் உண்டு. அவர்கள் பதுளை, பண்டாரவளை என்று தூரத்தில் கடை போட்டுக்கொண்டார்கள். அவருடைய புருஷனே அப்படித் தப்பிய ஒருவர்தான். பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கோயில் கொடியேறினால் ஊருக்கு வருவார், தேர் முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவார். மலைநாட்டுக் குளிர் தன் உடம்புக்கு நன்றாக ஒத்துக்கொண்டது என்று காரணம் சொல்வார். நாங்களும் நம்பியதுபோல் தலையாட்டுவோம்.

நியாயக்காவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஊர்ப் பதிவு வைத்திருக்கும் விதானையாருக்குத் தெரிந்திருக்கலாம். பஸ் பிந்தி வந்தால் நியாயம் கேட்பார். நேரத்துக்கு வந்தால், அப்படியென்றால் நேற்று ஏன் பிந்தியது என்று நியாயம் கேட்பார். ஒருமுறை அவருடைய வேலியில் சைக்கிளை மோதியவன், அவர் பேசி முடித்தபோது தானே போய்க் கதியால் தடிகள் வெட்டிவந்து வேலியை அடைத்தான். அத்தோடு நிற்காமல் பக்கத்து வளவு வேலியையும் அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகன், சிவம். தாய் பேசிய பேச்சில் அவனுக்குப் பேச இடமே கிடைக்கவில்லை போலும், வாய் திறக்கமாட்டான். எழுபதுகளில் எங்கள் பொடியன்கள் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் ஏறத் தொடங்கியபோது அவனும் ஏறினான். சில காலம் கழித்து ஸ்பெயின் நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து எழுதினான். பிலார் என்ற பெண்ணைக் கட்டிவிட்டானாம். அடுத்த திருவிழாவுக்குக் கூட்டிவருகிறானாம். அவளுக்கு ஸ்பானிய மொழி தவிர வேறொன்றும் தெரியாதாம். வாழ்நாளில் அவன் சொன்ன ஆக நீளமான செய்தி அதுதான்.

நியாயக்கா ஒப்பாரி வைப்பார் என்று ஊர் ஆசையோடு காத்திருந்தது. கூட அழுவதற்குச் சில பெண்கள் ஆயத்தமாக வந்தும்விட்டார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, நியாயக்கா நேரே என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டு, ஊர் வாசிகசாலைக்குச் செயலாளராகவும் இருந்தேன்.

"தம்பி, நீர் இங்கிலீசு படிப்பிக்கிறனீர்தானே. ஸ்பெயின் பாஷையும் அதுக்குப் பக்கத்திலைதான் கிடக்கும். கொஞ்சம் எட்டிப் பிடியும்."

எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது என்றேன். தெரியாவிட்டால் படித்துவிட்டுப் படிப்பிக்கும்படி உத்தரவு வந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"மருமகளிட்டை ஒரு கேள்விதான் கேக்கவேணும். என்ரை பிள்ளையை எப்ப எனக்குத் திருப்பித் தருவாய் எண்டு. சிவத்தைக் கேக்கச் சொன்னால் நடுவிலை நிண்டு மாத்திப்போடுவான்."

ஒரு கேள்விக்காக ஒரு மொழியையே படிக்க வேண்டுமா என்றேன்.

"நான் கேட்டால் அவள் மறுமொழி சொல்லுவாள். அதுக்கு நான் திருப்பிக் கேக்கவேணும். அரைகுறைப் பாஷையிலை நியாயம் கதைக்க ஏலாது தம்பி."

சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பகிடி பண்ண வந்தவன், வகுப்பை எப்போது தொடங்கலாம் என்று கேட்டேன்.

தனியாகப் படித்தால் ஏறாது, கூட்டமாகப் படிக்கவேண்டும் என்பது நியாயக்காவின் கொள்கை. மாவுக்கும் ரொட்டிப் பாணுக்கும் தட்டுப்பாடான காலம் அது. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் பாணுக்கு நின்றவர்களிடம் அவர் ஆள் சேர்த்தார். வரிசையை விட்டு விலகினால் பாண் போய்விடும், நின்றால் நியாயக்கா. எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். ஸ்பானிய மொழி தெரிந்தால் கப்பலில் கெதியாக எடுப்பார்கள் என்று யாரோ கட்டிவிட்ட கதையால் சில இளைஞர்கள் தாமாகவும் வந்தார்கள். ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் வந்தார். அவருக்கு எந்த மொழி என்பது பிரச்சினையில்லை, தலைமை தாங்க ஒரு கூட்டம் இருந்தால் போதும்.

முதல் வகுப்பு வாசிகசாலையில் நடந்தது. எங்கள் ஆட்களுக்கு மொழி வருவதற்கு முன் நிர்வாகசபை வந்துவிட வேண்டும். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர், கணக்காய்வாளர் என்று தெரிவு நடந்தது. வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் செந்தமிழில் நடந்து, வடையோடு முடிந்தது. இரண்டாவது வகுப்பில் சங்கத்தின் யாப்பு விதிகளை வாசித்தோம். மூன்றாவது வகுப்பில், உபதலைவர் பதவி வேலணை கிழக்குக்கா மேற்குக்கா என்று அடிபிடி வந்து, சங்கம் இரண்டாக உடைந்தது. உலகத்தில் ஒரு சொல்கூடத் தெரியாமல் ஸ்பானிய மொழிக்கு இரண்டு சங்கம் வைத்திருந்த ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும். போட்டிச் சங்கம் தன் பலத்தைக் காட்ட உடனே ஒரு பரிசளிப்பு விழா வைத்தது. எதற்குப் பரிசு என்று யாரும் கேட்கவில்லை.

நியாயக்கா இரண்டு சங்கத்தையும் கைவிட்டுவிட்டு ஆசிரியரைத் தேடிப் புறப்பட்டார். நான் கூடவே இழுபட்டேன். ஊர்காவற்றுறையில் பழைய கப்பல்காரர் ஒருவர் இருந்தார். ஸ்பானிய மொழி தனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்றார். ஒன்றிலிருந்து பத்துவரை அழகாக எண்ணினார். மேலே சொல்லுங்கள் என்றபோது என்னை மட்டும் வேலிப்பக்கம் கூட்டிப்போய் மிச்சத்தைச் சொன்னார். துறைமுகங்களில் அவர் பழகிய இடங்கள் எப்படிப்பட்டவை என்பது எனக்கு விளங்கியது. திரும்பி வரும் வழியில், அவர் என்ன சொன்னார் என்று நியாயக்கா கேட்டார். மாமியார்மாருக்குத் தேவைப்படாத சொற்கள் என்று சொல்லித் தப்பினேன்.

அடுத்தது மாதா கோயில் சுவாமியார், வயதான வெள்ளைக்காரர். தான் ஸ்பெயின்காரன் இல்லை, அதற்குப் பக்கத்து நாடான பிரான்சிலிருந்து வந்தவன் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"பக்கத்து வீடெண்டால் சண்டை பிடிக்கிறதுக்கெண்டாலும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கவேணுமே, சுவாமி" என்றார் நியாயக்கா.

சுவாமியார் சிரித்து, அலுமாரியைக் கிளறி, ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிக்கும் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துத் தந்தார். பிரயாணிகளுக்காக எழுதியது. அதில் வருகிறவர்கள் எல்லாரும் ஹோட்டலில் தங்கி, குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சூப் ஆறிவிட்டது. கட்டிலில் மூட்டைப்பூச்சி. மனேஜரைக் கூப்பிடு. நான் அதைப் படித்துப் படித்து எங்கள் சங்கத்தில் மிஞ்சியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் டியூட்டரி வகுப்புப் பிள்ளைகள் பாடமாக்குவதுபோல் ஒரே குரலில் பாடமாக்கினார்கள். நியாயக்காவுக்குப் புத்தகம் மிகவும் பிடித்துவிட்டது. நியாயம் தெரிந்த சனம் என்று அந்த நாட்டைப்பற்றி முதன்முறையாக ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

அது நீடிக்கவில்லை. வெளிநாட்டு வானொலிகளுக்குக் கடிதம் போட்டால் இலவசமாகப் புத்தகம் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டு எழுதியிருந்தேன். ஸ்பெயினிலிருந்து வந்தது ஒரு கலண்டர். மாதம் ஒரு படம், எல்லாவற்றிலும் ஒருவன் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு மாட்டைக் குத்துகிறான். வீட்டில் லட்சுமி என்று பசு வளர்ப்பவரிடம் காட்டக்கூடிய பொருளா அது? மருமகளிடம் கேட்கவேண்டிய கேள்விகளில் மாட்டு விவகாரமும் சேர்ந்துகொண்டது.

திருவிழா நெருங்கியது. நியாயக்கா சுவாமியாரைக் கொண்டு, புத்தகத்தின் துணையோடு, தன் முதற்கேள்வியைத் திருத்தமாக எழுதுவித்து, இரவு பகலாகச் சொல்லிப் பழகினார். லட்சுமியிடம் கேட்டார். கோழிகளிடம் கேட்டார். கிணற்றடியில் வாளியோடு நின்று கேட்டார். அந்த ஒழுங்கைப் பாதையால் போன எவருக்கும், என் பிள்ளையை எப்போது திருப்பித் தருவாய் என்பது ஸ்பானிய மொழியில் மனப்பாடமாகிவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து வாடகைக்குப் பிடித்த ஹயர் காரில் சிவத்தோடு வந்து இறங்கினாள் பிலார். மெலிந்த பெண். சேலையை யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள், அது பாதி அவிழ்ந்திருந்தது. சங்கத்தார் வரிசையாக நின்று, பூமாலை போட்டு, ஒரே குரலில் ஸ்பானியத்தில் சூப் ஆறிவிட்டது, மனேஜரைக் கூப்பிடு என்று வரவேற்றார்கள். அவள் திகைத்துப்போய்ச் சிவத்தைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கிளாக்கர் தலைமையுரைக்குத் தொண்டையைச் செருமினார். நியாயக்கா பார்த்த ஒரு பார்வையில் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மருமகளைக் கதிரையில் இருத்தி, தானும் எதிரே இருந்து, நியாயக்கா கேட்டார். ஒரு சொல் பிசகாமல் கேட்டார். சிவம் முகம் வெளுத்து, "அம்மா, சும்மா இருங்கோ" என்றான்.

பிலாரின் சிரிப்பு போய்விட்டது. அவள் நியாயக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசத் தொடங்கினாள். எனக்குக் கப்பல் என்றும் கடல் என்றும் மட்டும் பிடிபட்டது. மெதுவாகச் சொல்லும்படி கையால் காட்டினேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். விளங்கியதும் நியாயக்காவின் பக்கம் திரும்பினேன். நியாயக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்கடை பிள்ளை அவளிட்டையும் இல்லையாம். கலியாணம் முடிஞ்ச கிழமையே கப்பலுக்குப் போயிட்டானாம். அவளும் உங்களைப்போலை வழி பாத்துக்கொண்டுதான் இருக்கிறாளாம். அவனைக் கரையிலை நிப்பாட்டுறது எப்பிடியெண்டு தாயிட்டைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தவளாம்."

நியாயக்கா ஆயத்தம் செய்து வைத்திருந்த எதிர்க்கேள்விகள், மாட்டு விவகாரம் உட்பட, எல்லாம் எங்கே போயினவோ. அவிழ்ந்திருந்த சேலைத் தலைப்பை எடுத்து மருமகளின் தோளில் ஒழுங்காகப் போட்டுவிட்டார். பிறகு தன் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"சிவம், இஞ்சை வந்து முன்னாலை நில்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சிவத்தின்மீதுள்ள இரக்கத்தால் சுருக்கிச் சொல்கிறேன். ஒருத்தி தமிழில், ஒருத்தி ஸ்பானியத்தில். ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் தொடங்கினார். மொழிபெயர்ப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. திருவிழாவுக்கு வந்திருந்த நியாயக்காவின் புருஷன் பதுளை பஸ் எத்தனை மணிக்கு என்று மெதுவாக என்னிடம் விசாரித்தார். கடைசியில் சிவம், கப்பல் வேலையை விடுகிறேன் என்று வாய் திறந்தான். ஆனால் வேலணையில் என்ன தொழில் செய்வது, பிலாரின் ஊரில் என்றால் அவளுடைய தமையனின் பட்டறையில் சேரலாம் என்றான். சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்க்கமுடியாமல் நிலத்தைப் பார்த்தான்.

நியாயக்கா பிலாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கரையிலை நிண்டால் போதும். எந்தக் கரையெண்டாலும் பரவாயில்லை" என்றார்.

தேர் முடிந்து அவர்களை ஏற்றிய கார் போனபிறகு, வழியனுப்ப வந்த சனம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. நானும் படலையைத் தாண்டிவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, அவள் இனிக் கடிதம் போடுவாள். மறுமொழி எழுதவேணும். நாளைக்கு வகுப்பு இருக்குத்தானே?"

இருக்கிறது என்றேன். சங்கங்கள் இரண்டும் அதற்குள் கலைந்துவிட்டன, வகுப்பு மட்டும் நடந்தது. ஒரேயொரு மாணவி. நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு சொல்லுக்கும், அது ஏன் அப்படி என்று நியாயம் கேட்டார். அவருக்குப் படிப்பித்ததைப்போல் நான் ஒருவருக்கும் சந்தோஷமாகப் படிப்பித்ததில்லை.