இஸ்திரி மேஜையில் ஒரு ஓணான்

மாதுங்காவில் எங்கள் தெருவின் மழைக்காலத்தை ஆண்டவர் வருண பகவான் அல்ல, இஸ்திரி அண்ணாச்சி. உலகத்துக் கோளாறெல்லாம் ஈரத்தால் வருகிறது, எல்லாவற்றுக்கும் மருந்து சூடு என்பது அவர் சித்தாந்தம். தினமும் தாராவியிலிருந்து நடந்து வந்து, எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் கரிப்பெட்டியை மூட்டுவார். செய்தித்தாளையே இஸ்திரி போட்டுவிட்டுத்தான் படிப்பார். நனைந்த ரேஷன் கார்டு, ஷூ லேஸ், வீட்டுப்பாட நோட்டு எல்லாம் அவரிடம் போய் மொடமொடவென்று திரும்பும். ஒருமுறை என் கழுத்துச் சுளுக்குக்குச் சட்டைக் காலரைச் சூடாக்கி மாட்டிவிட்டார். சுளுக்குப் போயிற்று. கூடவே கொஞ்சம் தோலும் போயிற்று.

அப்படிப்பட்டவரிடம் என் மகளின் ஓணானை நானே கொண்டுபோய் ஒப்படைத்தேன் என்றால் என் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

அறுபத்துநாலில் சுதாவுக்கு எட்டு வயது. டைபாய்டில் கிடந்து நூலாகத் தேறியிருந்தாள். பள்ளிக்கூட வேலியில் பிடித்த ஓணானை வளர்க்க வேண்டும் என்றபோது மறுக்க மனம் வரவில்லை. பால்கனி வெயிலில் வலைப்பெட்டிக்குள் அது சுறுசுறுப்பாக எறும்பு தின்றது. மழை பிடித்ததும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அதே நாளில்தான் மகள் அதற்குக் கரப்பான் பிடித்துப் போடுவதையும் கண்டுபிடித்தேன். எங்கள் வீடு சுத்த சைவம். "நம்மாத்துல இருக்கற வரைக்கும் அதுவும் நம்மளை மாதிரிதான்" என்று தீர்ப்பளித்து, தயிர்சாதம் பரிமாறினேன். காரம் ஆகாதே என்று மிளகாயைப் பொறுக்கி எடுத்தது என் தனிப்பட்ட கருணை.

ஓணான் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சுதாவும் தட்டைத் தள்ளினாள். அது சாப்பிடும்வரை தனக்கும் வேண்டாமாம். மறுநாளும் அப்படியே. கெஞ்சினேன், மிரட்டினேன், பாட்டுக்கூடப் பாடினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்தால் என் விரல்கள் ஒன்றையொன்று தாண்டின.

"கொழந்தை ஒரு வாய் சாப்பிடலை. நீங்க ஓணானுக்கு ஆசாரம் பாத்துண்டிருங்கோ" என்றாள் மனைவி.

எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படும் தலைமைக் குமாஸ்தாவாகிய நான், அந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டி, அரிசி டின்னுக்குப் பின்னால் அரைமணி நேரம் வேட்டையாடி ஒரு கரப்பானைக் கொண்டுவந்தேன். ஓணான் கண்ணை மூடிக்கொண்டது. கரப்பான் நிதானமாக நடந்து வெளியேறியது.

பெட்டியோடும் மகளோடும் கீழே ஓடினேன். அண்ணாச்சி ஓணானைத் தொட்டுப் பார்த்தார்.

"கல்லு கணக்கா சில்லுனு கெடக்கு, சார்வாள். வயித்துல சூடு இல்லாம எது செரிக்கும்? மழையில வெயிலுதான் பந்தாயிட்டுல்லா."

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தேய்த்து மடித்த என் வெள்ளைச் சட்டைமேல் ஓணான் படுத்திருந்தது. சட்டை ஆறியதும் வேறொன்றைத் தேய்த்து, புறங்கையை வைத்துப் பார்த்து மாற்றினார். ஐந்து சட்டைகள் மாறின. ஐந்தும் என்னுடையவை. பேண்ட் கேட்டு வந்தவரிடம், "பேஷண்ட் இருக்குல்லா, நில்லும்வே" என்றார்.

மெல்ல மெல்லச் சாம்பல் நிறம் மஞ்சளானது. தலை ஆடியது. அண்ணாச்சியின் சாப்பாட்டுத் தூக்கை மோப்பம் பிடித்து வந்த ஈ ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தது. அடுத்த நொடி ஈ இல்லை.

அது மென்று முடிக்கும்வரை சுதா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணாச்சி, பசிக்கறது."

அவர் சட்டென்று தூக்கைத் திறந்தார். ஏதோ நினைவு வந்து மூடினார். "இதுல கருவாடு கெடக்கு, தாயி. செத்த இரு."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேலையில் நின்றுவிட்டால் ஒரு தூறலுக்குக்கூட மாடிப்படியை விட்டு வெளியே தலை நீட்டாத மனிதர், குடைகூட இல்லாமல் தெருவைத் தாண்டி ஓடினார். தொப்பலாகத் திரும்பி, பனியனுக்குள்ளிருந்து ஒரு பன்னை எடுத்தார். காகிதத்தில் சுற்றி, அதையும் இஸ்திரிப் பெட்டியால் ஒற்றிச் சூடாக்கிக் கொடுத்தார். சுதா முழுவதையும் தின்றாள்.

செம்பூருக்கு வீடு மாறிய பிறகும் சட்டைகளை மாதுங்காவுக்கே எடுத்துப் போகிறேன். அவற்றில் ஒன்றின் பைமேல் கரி படிந்த நாலு சின்னக் கால்தடங்கள், எத்தனை வெளுத்தும் போகவில்லை. அண்ணாச்சி அதைத் தடம் மேலே தெரியும்படிதான் மடித்துத் தருகிறார். நானும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன்.