எச்சிலில் வேகம் பார்த்த டயர் ஜோசியர்

உலகத்து ஜோசியர்கள் எல்லாரும் நடக்கப்போவதைச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். எங்கள் அலோன் வட்டாரத்து டயர் ஜோசியர் நடந்து முடிந்ததைச் சொல்வார். நானறிய ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ரங்கூன் துறைமுகக் கிட்டங்கியில் எனக்கு எதிர்மேசைக் குமாஸ்தா அவர். மிஷன் பள்ளிப் படிப்பு, முத்து முத்தான கையெழுத்து. ஆனால் தெருவில் பிரேக் கிறீச்சிட்டால் போதும், பேனாவை மூடிவிட்டு ஓடுவார். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, நடுரோட்டில் குந்தி டயர் தேய்த்த கோட்டைத் தடவுவார். மழை வந்தால் குடையைக் கோட்டுக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைவார்.

"பார்த்த சாட்சி பத்துப் பேர் பத்து விதமாச் சொல்வான்யா. டயருக்கு அந்தப் புத்தி கிடையாது" என்பார்.

தொண்ணூறுகளில் கப்பல்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய பத்திரிகையில், ஐரோப்பாவில் இதற்கென்றே நிபுணர்கள் இருப்பதாகப் படித்துவிட்டார். அன்றிலிருந்து பித்து முற்றியது. தனக்கும் சான்றிதழ் வேண்டும் என்று ஏழு நாட்டுக்குக் கடிதம் போட்டார். ஒவ்வொரு பதிலும் வரும்போது ஆபீஸே வேலையை நிறுத்தும்.

"ஜெர்மன்காரன் பரீட்சை வச்சு, சத்தியமும் வாங்குவானாம். பிரான்ஸ்ல கோர்ட்டு ஒரு பட்டியல் வச்சிருக்கு, அதுல பேர் வரணும். இங்கிலாந்துல ஜட்ஜு நம்பினாப் போதுமாம்!"

"உங்களுக்கு எந்த நாட்டுல குடுத்தான் அண்ணே?"

"ஒருத்தனும் குடுக்கல. ஆனா எவ்வளவு மரியாதையா இல்லேங்கிறான், பாரு!"

அதில் ஒரு கடிதத்தில் மட்டும் தங்க நிற முத்திரை இருந்தது. அதுதான் வம்பாகிவிட்டது.

எங்கள் தெரு அருளப்பன் பஸ் ஓட்டுகிறவன். ஒரு மத்தியானம் படகு ஜெட்டிக்குப் போகும் ரோட்டில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று குறுக்கே திரும்ப, அவன் பஸ் அதில் இடித்து, சைக்கா மிதித்தவருக்குக் கால் முறிந்தது. "பேய் மாதிரி வந்தான், பன்னிரண்டு அடி இழுத்துக்கிட்டுப் போனான், ரத்தம் பாருங்க!" என்று கூட்டம் கத்தியது. ரோட்டில் சிவப்பாகத்தான் கிடந்தது. விசாரிக்க வந்த போக்குவரத்து அதிகாரி வேகம் என்று எழுதிவிட்டால் அருளப்பனுக்கு ஜெயில், லைசென்சும் போய்விடும்.

ஜோசியர் குந்தினார், மோந்து பார்த்தார். அதிகாரியை நிமிர்ந்து பார்த்து, பர்மியில் மரியாதையாக, "சயா, ரத்தத்துல சுண்ணாம்பு வாசம் வருமா?" என்றார்.

அது பர்மாக்காரர் கூன் என்கிற வெற்றிலையின் எச்சில். பஸ் வாசலில் தொங்கி வந்த 'ஸ்பேர்', அதாவது கண்டக்டர் கோ மியோ தலையைச் சொறிந்தான். "நான்தான் துப்பினேன். துப்பி வாய் மூடறதுக்குள்ள இடிச்சிருச்சு."

"பாருங்க சயா, சொட்டு ஒவ்வொண்ணும் காசு மாதிரி வட்டமா இருக்கு. வேகமாப் போற வண்டியில இருந்து விழுந்தா வால் முளைச்சிருக்கும். பிரேக் கோடும் ரெண்டு முழம்தான். இந்த பஸ் ஊர்ந்து வந்திருக்கு."

அதிகாரி சிரிக்கவில்லை. "இதைச் சொல்ல உங்ககிட்ட என்ன சான்றிதழ் இருக்கு?"

சேதி கேட்டு ஓடிவந்திருந்த அருளப்பன் பெண்சாதி என் கையைப் பிடித்தாள். "அந்தத் தங்க முத்திரைக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கண்ணே! இங்க யாருக்கு அந்தப் பாஷை தெரியும்?" நான் ஓடிப்போய் எடுத்து வந்தே விட்டேன். அதிகாரி முத்திரையைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

ஜோசியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். "எனக்குத் தகுதி போதாதுன்னு எழுதியிருக்கு, சயா."

"பாவி மனுசா!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"தங்கச்சி, நான் இதுல பொய் சொன்னா, அந்தக் கோட்டைப் பத்திச் சொன்னதையும் பொய்யின்னுதானே நினைப்பாங்க?" என்றார். பிறகு அதிகாரியிடம், "சான்றிதழ் இல்ல. பரீட்சை வைங்க, எழுதறேன்" என்றார்.

ரங்கூனில் அப்படி ஒரு பரீட்சை அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை. அதிகாரியின் ஜீப்பில் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். அரசாங்க உத்தரவின் பேரில் வெற்றிலை மென்றார். வண்டியில் இருந்தபடியே நாலு தடவை துப்பினார். ஜோசியர் முதுகைக் காட்டிக்கொண்டு காதைப் பொத்தி நின்றார். பிறகு வந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"இது மெதுவு. இது அதைவிடக் கொஞ்சம் கூட. இது நல்ல வேகம். இது..." நாலாவதில் நின்றார். "இதுல வண்டி ஓடவே இல்ல. நின்னுக்கிட்டே துப்பியிருக்கார்."

போலீஸ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். நாலாவதுதான் அதிகாரி வைத்த பொறி. அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

அருளப்பன் மறுவாரமே ஸ்டியரிங் பிடித்தான். சைக்காக்காரருக்குக் கால் கூடும்வரை அவன் வீட்டிலிருந்துதான் சோறு போனது.

கேஸ் முடிந்து அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. அதில் 'கருத்துச் சொன்னவரின் தகுதி' என்று ஒரு கட்டம். காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதிகாரி தன் கையாலேயே பர்மியில் எழுதியிருந்தார்: 'தனக்குப் பாதகமானதையும் உள்ளபடி வாசிப்பவர்.'

ஜோசியர் அதை என்னிடம் நீட்டி, "எழுத்து சரியாத் தெரியல, கொஞ்சம் வாசி" என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை கேட்டார். மறுபடியும் வாசித்தேன். மூக்கில் கண்ணாடி இருந்தது, ஜன்னலில் நல்ல வெயில் இருந்தது. மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை, நானாகத்தான் வாசித்தேன்.