வீட்டுப் பயிற்சிக்காரர்

வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். வலியையே பேச்சுத் துணையாக வைத்துக்கொண்டவர்கள் இன்னொரு ரகம். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம்: வீட்டுப் பயிற்சிக்காரர். வீட்டில் பயிற்சி நடந்ததாக இதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை.

நமக்குத் தெரிந்த ஒருவருக்குத் தோள்பட்டை இறுகி இரண்டு வருடம் ஆகிறது. பிசியோதெரபி மையத்தில் கொடுத்த பச்சை ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டித் தினமும் இழுக்க வேண்டும். பட்டை இப்போது மூடாத அலமாரிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அலமாரிக்கு நல்ல முன்னேற்றம்.

காலையில் செய்யலாமென்றால் உடம்பு விறைப்பு, சாப்பிட்டபின் செய்யக்கூடாது, சாப்பிடுமுன் தெம்பில்லை, வலிக்கும்போது செய்தால் வலி கூடும், வலிக்காதபோது எதற்காகச் செய்ய வேண்டும்? எந்த நீதிபதியால் இதை மறுக்க முடியும்? ஆனால் அலுவலகத்தில் எவராவது கழுத்தைத் தடவினால் போதும், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "தினமும் பண்ணணும் சார், விட்டா போச்சு" என்று இடது கையால் செய்துகாட்டுவார். வலது கை தூக்க வராது.

சட்டை மாட்டிவிடுவது மனைவி. அந்த அம்மாளின் அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். ஒரு மாதம் கூட இருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். அதுக்குள்ள சட்டை போடக் கத்துக்கங்க."

"அந்த ஒரு மாசம் நான் என்ன பண்றது?"

"அலமாரியப் பாத்துக் கத்துக்கங்க. நம்ம வீட்ல அது ஒண்ணுதான் ஒழுங்கா பயிற்சி பண்ணுது."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிசியோவிடம் போகும் நாள். பரீட்சை மண்டபத்து வாசலில் பாடம் புரட்டும் மாணவனைப் போல, மையத்து வரவேற்பறையில், செருப்பு ஸ்டாண்டுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே நின்று, மூன்று வாரப் பயிற்சியையும் ஒரே மூச்சில் முடித்தார். விளைவு? போன தடவை தோள்வரை வந்த கை, இந்தத் தடவை மார்போடு நின்றுவிட்டது.

"வீட்ல பண்ணீங்களா சார்?" என்றார் பிசியோ.

"விடாம பண்ணேம்மா."

அந்தப் பெண் தோளைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

"ரொம்பப் பண்ணிட்டீங்க போல. ஒரு வாரம் எதுவும் பண்ணாதீங்க. ரெஸ்ட் எடுங்க."

தவம் செய்யாமலே வரம் கிடைத்தால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் மார்தட்டினார், இடது கையால். அந்த அம்மாள் பெட்டியில் புடவை அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பியும்விட்டார்.

திங்கட்கிழமை காலை, ஒரு கை சட்டைக்குள்ளும் மறு கை நடுவழியிலுமாகக் கட்டிலில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"எந்தக் கைய முதல்ல விடணும்?"

"வலிக்கிற கைய. ரெண்டு வருஷமா நான்தான போட்டுவிட்டேன், பாக்கலையா?"

"நான் அப்ப பேப்பர் படிச்சிட்டிருந்தேன்."

சிரிக்கிறீர்களா? நல்லது. கூன் போட்டுக் குனிந்து இதைப் படிக்கிறீர்களே, உங்கள் கழுத்துக்கும் முதுகுக்கும் யாரோ ஏதோ செய்யச் சொல்லியிருப்பார்கள். படித்து முடித்ததும் செய்கிறேன் என்றுதானே நினைத்தீர்கள்?

முடிந்துவிட்டது.