சக்கரவர்த்தியின் முட்டையை உடைத்த கதை

எல்லாம் தெரிந்தவர்களை விருந்துக்குக் கூப்பிடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அனுபவம் கூப்பிட்டவர்களுடையது, எல்லாம் தெரிந்தவள் நான்.

எனக்குப் பைசாந்தியப் பேரரசின் போர்கள் என்றால் பைத்தியம். அந்தக் கிழக்கு ரோமப் படை யாரை அடித்தது, யாரிடம் அடி வாங்கியது, ஏன் வாங்கியது என்று நித்திரையிலும் சொல்வேன். அவர்களின் தலைநகரம் ஏழு குன்றுகளில் இருந்தது. நான் வளர்ந்தது சிட்னியின் செவன் ஹில்ஸில். இது விதி என்றே நம்பியிருந்தேன். (இங்கே ஒரு குன்றையும் நான் கண்டதில்லை. எல்லாம் வேர்ஹவுஸ்.)

ஆகவே நான் நிக்கோஸ் என்ற கிரேக்கப் பையனைக் காதலித்ததில் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பையனுக்குத்தான் ஆச்சரியம். முதல் சந்திப்பிலேயே அவனுடைய முன்னோர்கள் எங்கெங்கே தோற்றார்கள் என்று அவனுக்கு வரிசையாகச் சொன்னேனாம்.

அவன் வீட்டார் எங்களை ஈஸ்டர் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். கல்யாணப் பேச்சும் அன்றுதான். நிக்கோஸின் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது.

காரில் அம்மா பின்பக்கம் திரும்பினா.

"பிள்ளை, அங்க போய் உன்ர சண்டைக் கதையளை எடுக்காதை. கேட்டால் மட்டும் கதை."

"ஓம் அம்மா."

"அவளின்ர ஓமை நம்பாதையும்," என்றார் அப்பா, வண்டியை ஓட்டியபடி.

அங்கே முற்றத்தில் ஒரு முழு ஆடு நெருப்பின் மேல் சுழன்றுகொண்டிருந்தது. (அம்மாவுக்கு அன்று விரதம். பக்கத்தில் இருந்து வெள்ளரிக்காய் சாப்பிட்டா.) மேசை நடுவில் ஒரு கூடை நிறைய, சிவப்புச் சாயம் போட்ட அவித்த முட்டைகள். அலங்காரம் என்று நினைத்தேன். ஆயிரம் வருடத்துச் சண்டையெல்லாம் தெரிந்தவளுக்கு அது மட்டும் தெரியவில்லை.

நிக்கோஸின் அப்பா என்னைப் பார்த்து, "நீ எங்கள் வரலாறு படிக்கிறாயாமே," என்றார் ஆங்கிலத்தில். "மன்சிகேர்ட் போரில் துருக்கியர் எங்களை வெல்லவே இல்லை. எங்கள் தளபதி ஒருவன் துரோகம் செய்தான். அவ்வளவுதான்."

கேட்டார் அல்லவா? அம்மாவின் நிபந்தனை நிறைவேறிவிட்டது.

"துரோகம் கடைசியில்தான் அங்கிள்," என்று கூடையை இழுத்தேன். "பிழை விட்டது உங்கள் சக்கரவர்த்தி."

நிக்கோஸ் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். முட்டைகள் பைசாந்தியப் படை ஆயின, ஒலிவ் காய்கள் துருக்கியக் குதிரை வில்லாளர்கள். இருந்ததிலேயே பெரிய முட்டையைச் சக்கரவர்த்தியாக நடுவில் வைத்தேன். கடைசி வரிசையில் இரண்டு முட்டைகளை வைத்து என் அப்பாவிடம் ஒப்படைத்தேன்.

"அப்பா, நீங்கள் பின்படைத் தளபதி."

"நான் சும்மா இருக்கிறன் பிள்ளை."

"அதைத்தான் அவனும் செய்தவன்."

ஒலிவ் காய்கள் பின்வாங்கின. முட்டைகள் துரத்தின. துரத்துபவர்கள் மீது அம்பு விழ வேண்டுமே? தேக்கரண்டியை எடுத்தேன். டக். டக். இடது அணி போயிற்று. டக். வலது அணியும். பொழுது சாய்ந்த பிறகுதான் சக்கரவர்த்திக்குப் பாளையம் தூரமாகிவிட்டது தெரிந்தது. திரும்பினார். அப்பா உதவிக்கு வரவில்லை. டக்.

நிமிர்ந்தேன். அதைவிடத் தெளிவாக அந்தப் போரை யாரும் சாப்பாட்டு மேசையில் விளக்கியிருக்க மாட்டார்கள். இதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் யாரும் கைதட்டவில்லை. குசினி வாசலில் நிக்கோஸின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

நிக்கோஸ் மெதுவாக விளக்கினான். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு முட்டை எடுத்து ஒன்றோடொன்று மோதுவார்களாம். உடையாத முட்டைக்காரருக்கு அந்த வருடம் முழுக்க அதிர்ஷ்டம். அவனுடைய அப்பா வருடா வருடம் வெல்பவர். அன்று காலை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தனக்கென்று பொறுக்கி வைத்திருந்ததுதான் அந்தப் பெரிய முட்டை.

"நான் அப்பவே சொன்னனான்," என்றா அம்மா, வெள்ளரிக்காயிடம்.

நிக்கோஸின் அப்பா சக்கரவர்த்தியைக் கையில் எடுத்து, நொறுங்கிய மண்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கல்யாணம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பிடிபட்ட சக்கரவர்த்தியைச் சுல்தான் என்ன செய்தான்?"

"தன் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு கொடுத்தான். பிறகு மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டான்."

அவர் தன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். முட்டையை உரித்து, பாதியை என் தட்டில் வைத்தார்.

"இரு. சாப்பிடு," என்றார். "ஆனால் உன்னை வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை."

(அந்த வருட அதிர்ஷ்டம் என் அப்பாவுக்கு. உடையாத முட்டைகள் துரோகியிடம் மட்டும்தான் இருந்தன.)

இப்போது அவர் என் மாமனார். வருபவர்களிடமெல்லாம், "எங்களைத் தோற்கடித்த மருமகள்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். எனக்கும் அது பட்டம் மாதிரித்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் தேக்கரண்டிகளையெல்லாம் மேசையிலிருந்து எடுத்துவிட்டு, "எங்கே, படையை வை" என்பார். வைப்பேன். ஒலிவ் காய்கள் பின்வாங்கும். அவருடைய பெரிய முட்டை கொஞ்சத் தூரம் துரத்தும், யோசிக்கும், இருட்டுமுன் பாளையத்துக்குத் திரும்பிவிடும்.

அந்த யோசனை என்னுடையது என்பதை மட்டும் மனிதர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.